இன்று படித்தவர்கள்

"உங்க பக்கத்துல 'இன்று படித்தவர்கள்' சைபர்னு காட்டுதே சார், சரிதானா?"

கைப்பேசியில் வந்திருந்த இந்த ஒரு வரியை, எல்லாரும் அப்டேட் என்று கூப்பிடும் அவர் நான்கு முறை படித்தார். நான்கு முறையும் அது சைபர் என்றே சொன்னது. மணி பத்தேகால். வழக்கமாக இந்நேரத்துக்கெல்லாம் நாற்பது பேராவது படித்து முடித்திருப்பார்கள்.

அனுப்பியவர் சாதாரண ஆள் இல்லை. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு ஆசிரியர். கணினி, மென்பொருள், நாட்டு நடப்பு எல்லாவற்றையும் தொட்டு வாராவாரம் ஒரு பத்தி எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டு, இரண்டு பேர் பட்டியலில் இருக்கிறார்கள், ஒருவர் நீங்கள், இன்னொருவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிவைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார். பேராசிரியரின் தளத்தை நாளுக்கு நானூறு பேர் படிப்பதாகவும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். அந்த நானூறு அப்டேட்டின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தத் திங்கட்கிழமை இதுதான். எண் சைபர்.

அப்டேட் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பல் மருத்துவமனை ஒன்றின் முன்கூடத்தில், டோக்கன் மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பல்வலியோடு வந்து நிற்பவரிடமும், "உங்க போன்ல போன வாரம் வந்த அப்டேட்டைப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கனைக் கிழிப்பார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதால் அவருக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் பேசித் தீர்க்க முடியாத அளவுக்கு அவரிடம் கருத்துகள் இருந்தன. ஆகவே சொந்தமாக ஒரு இணையதளம் வைத்து, தினம் காலையில் ஒரு கருத்து வெளியிட்டார். அவசரமான நேரம் பார்த்து அச்சு இயந்திரம் ஏன் மக்கர் செய்கிறது என்று ஒரு நாள். கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்பவர்கள் தங்கள் வீட்டுப் பூட்டை அப்படி மாற்றுகிறார்களா என்று ஒரு நாள். பட்ஜெட்டைப் புத்தகமாகப் போடாமல் செயலியாகப் போட்டால் பிழைகளையாவது அடுத்த வாரம் திருத்தலாமே என்று ஒரு நாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'படித்துவிட்டேன்' என்று ஒரு பொத்தான். அதை யார் அமுக்கினாலும் பக்கத்தின் உச்சியில் 'இன்று படித்தவர்கள்' என்ற இடத்தில் எண் ஒன்று கூடும்.

முதல் இரண்டு வருடம் எண் இரண்டைத் தாண்டவில்லை. ஒன்று அவர், இன்னொன்று அவருடைய இன்னொரு போன். மனைவி படிப்பதில்லை. "வீட்டுலதான் நேர்லயே கேக்கறேனே, அதுக்கு மேல எதுக்கு?" என்பது அவர் வாதம். ஆறு மாதத்துக்கு முன்னால் திடீரென்று எண் ஏறியது. ஒரே வாரத்தில் நாளுக்கு இருநூறு. உலகம் விழித்துக்கொண்டது என்று அன்றைக்கு ஒரு கட்டுரையே எழுதினார்.

பத்தி கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் புகைப்படத்தோடு வரும். இருபது வயதிலிருந்து அவர் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கும் மனைவிக்கு எதையும் நேரத்தோடு செய்து பழக்கமாதலால், புகைப்படத்துக்கான நீலச் சட்டையை வெள்ளிக்கிழமையே தேய்த்து மாட்டிவிட்டார். பணிமனையில் அத்தனை ஓட்டுநர்களிடமும் சொல்லியும் விட்டார். இனி பத்தி கிடைக்கவில்லை என்றால் அப்டேட் பேருந்தில் ஏற முடியாது.

அவர் பதில் எழுதினார்: 'காலை நேரம் கொஞ்சம் மந்தம் மேடம். இதோ ஏறிவிடும்.' அனுப்பிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தானா கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்க வேண்டும்? நெட் வரவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காத்திருப்பவர்களுக்கு அங்கே இலவச வைஃபை உண்டு. அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியது, பராமரிப்பது எல்லாமே அப்டேட்தான். காலையில் ஒன்பது மணிக்கு அதற்கு ஒரு புது அப்டேட்டை ஏற்றியிருந்தார். அதிலிருந்து பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அவருடைய கணினிக்குத் தனிக் கம்பி வழியாக நெட் வந்துகொண்டிருந்ததால் அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. வாழ்க்கையே தொங்கலில் நிற்கும்போது இவர்களுக்கு வீடியோ பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தார்.

கோளாறு தலைப்பில்தான் என்று முடிவு செய்தார். அன்றைய கருத்தின் தலைப்பு 'மென்பொருளுக்கும் வார விடுமுறை தேவை'. சாதுவான தலைப்பு. அதை அழித்துவிட்டு, 'உங்கள் கணினி உங்களை வெறுக்கிறது: ஆதாரம் உள்ளே' என்று போட்டார். இந்த மாதிரித் தலைப்புகளைக் கண்டித்துப் புதன்கிழமைதான் எழுதியிருந்தார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று சமாதானம் செய்துகொண்டார்.

"தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாரேன். என்னைப் போட்டுப் பிடுங்கறாங்க" என்றார் அக்கா. டாக்டருக்கு உதவியாக இருந்து, கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைத்து, கூடத்தில் சத்தம் வந்தால் அதட்டவும் செய்பவர்.

அப்டேட் சலித்துக்கொண்டே எழுந்து போய்ப் பெட்டியை அணைத்து, முப்பது எண்ணிவிட்டு மறுபடி போட்டார். விளக்கு பச்சையானது. திரும்பி வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

இன்று படித்தவர்கள்: 38.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தலைப்பு. ஒரே ஒரு தலைப்பு. இத்தனை நாள் மக்களைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்.

பதினொன்றரைக்கு எண் ஐம்பத்திரண்டில் வந்து நின்றுகொண்டது. பத்து நிமிடம் அசையவில்லை. சூடு ஆறுவதற்குள் அடுத்ததைப் போட வேண்டும் என்று, குழந்தை பிறந்ததைப் பதிவு செய்யும் அரசாங்கப் படிவத்தைப் பற்றி எழுதினார். படிவத்தில் பிறந்த குழந்தையின் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள், அதைக் கட்டாயமாகவும் நிரப்ப வேண்டும் என்கிறார்கள், அந்தக் குழந்தைக்கு ஒரு கடவுச்சொல் அனுப்பினால் அது அழாமல் என்ன செய்யும் என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். வெளியிட்டார். வெளியிட்ட கையோடு போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டார். காலையில் ராசியாக இருந்ததல்லவா? தவிர, எதையும் புதிதாகச் செய்தால் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுவது அவர் கொள்கை.

எண் தொண்ணூற்றொன்பது.

கூடத்தில் சிலர் போனைப் பார்த்துச் சிரித்தார்கள். வாயைத் திறந்து சிரிக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் சிலர்தான். ஏதோ பூனை வீடியோ பார்க்கிறார்கள், நாடு இருக்கும் இருப்பில் இவர்களுக்குப் பூனை கேட்கிறது என்று அப்டேட் மனதுக்குள் திட்டினார்.

பன்னிரண்டரைக்கு ஆசிரியரே கூப்பிட்டார்.

"காலையிலேர்ந்து உங்க நம்பரைத்தான் சார் பார்த்துக்கிட்டிருக்கேன். ஏறிக்கிட்டே இருக்கே."

"ஆமா மேடம்."

"மத்தியானத்துக்கு மேல எப்படி?"

"இன்னும் ஏறும் மேடம். நீங்க கவலையே படாதீங்க."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. சரி, அஞ்சு மணிக்குப் பேசறேன் என்று வைத்துவிட்டார். அந்தப் பெருமூச்சு அப்டேட்டைத் தைத்துவிட்டது. இவருக்கு இது போதவில்லை. பேராசிரியரின் நானூறைப் பிடிக்காமல் கதை நடக்காது.

அதற்கப்புறம் அரைமணிக்கு ஒரு கருத்து போனது. விசைப்பலகையில் யாருமே தொடாத பொத்தான்களுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒன்று. அமைச்சர்கள் பேசுவதற்கு முன் சோதனை ஓட்டம் நடத்த வேண்டும் என்று ஒன்று. ஒவ்வொரு கருத்துக்குப் பிறகும் ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் எண் ஒரு தாவு தாவியது. நூற்றைம்பது. இருநூற்றைந்து. இருநூற்று அறுபது. டோக்கன் கூப்பிட நேரமில்லாததால் அக்காவே வந்து கூப்பிட்டுக்கொண்டார். பன்னிரண்டுக்கு அடுத்து பதினைந்தைக் கூப்பிட்டதில் பதிமூன்றும் பதினான்கும் ஒன்று சேர்ந்துகொண்டு சண்டைக்கு வந்தன.

உள்ளேயிருந்து டாக்டரம்மா கையுறையோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன அப்டேட், எக்ஸ்ரே படம் பாதி வந்து பாதியிலேயே நின்னுடுது. மேல் பல்லு மட்டும்தான் தெரியுது. கீழ் பல்லுக்கு நான் எங்க போறது?"

நெட் கொஞ்சம் நெரிசலாக இருக்கிறது என்றும், நாட்டில் இன்று ஏதோ ஒரு எழுச்சி தெரிகிறது என்றும் அப்டேட் விளக்கினார். டாக்டரம்மா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, கீழ் பல்லை விரலால் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று உள்ளே போனார்.

இரண்டு மணிக்கு அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கருத்தை எழுதினார். 'காத்திருப்பது அடிமைத்தனம்' என்று தலைப்பு. 'அரைமணி நேரத்துக்கு மேல் உங்களை யார் காக்க வைத்தாலும் எழுந்து நில்லுங்கள். நேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். திறக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள். கணினி பத்து விநாடி தாமதித்தால் அதை உதைக்கும் நீங்கள், மனிதர்களிடம் மட்டும் ஏன் பணிந்து போகிறீர்கள்?'

வெளியிட்டார். பெட்டியை அணைத்துப் போட்டார். முந்நூற்றாறு.

இரண்டு நிமிடத்தில் கூடத்தின் நடுவில் ஒரு பெரியவர், தாடையில் கட்டிய துணியோடு எழுந்து நின்றார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராகப் போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினார். அவர் பின்னால் ஒரு அம்மா. அந்த அம்மா பின்னால் கிட்டத்தட்ட மொத்தக் கூடமும். அப்டேட் மெய்சிலிர்த்துப் போனார். ஒரு கருத்து உண்மையாக இருந்தால் அது படிக்காதவர்களிடம்கூடப் பரவிவிடுகிறதே என்று வியந்தார்.

உள்ளே பல் குடையும் கருவி நின்றது. கதவு திறக்கவில்லை. எழுந்தவர்களில் பெரும்பாலோர் அறிவுரையின் அடுத்த வரியையும் சொன்னது சொன்னபடி நிறைவேற்றி, வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்.

"யாரு இவங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுக்கறது?" என்றார் அக்கா, காலி நாற்காலிகளைப் பார்த்து.

"காலம் மாறுதுக்கா" என்றார் அப்டேட் பெருமையாக.

பெருமை நீடிக்கவில்லை. முந்நூற்றாறு அசையாமல் நின்றது. இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று. ஒரு வேளை ரொம்பக் காரமாகப் போய்விட்டதோ, வாசகர்கள் கோபித்துக்கொண்டார்களோ என்று சந்தேகம் வந்தது. சமாதானமாக 'காத்திருப்பதே நாகரிகம்' என்று இன்னொன்று எழுதினார். இரண்டு மணிக்கு எழுதியதை மூன்று மணிக்கு மறுப்பது சிந்தனையாளனுக்கு அழகு என்று அதிலேயே ஒரு வரியும் சேர்த்தார். பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

முந்நூற்றொன்பது. உலகம் முழுவதிலும் மூன்றே மூன்று பேர்.

மனைவி கூப்பிட்டு, வேலை முடிந்துவிட்டது, சட்டையைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அப்டேட் குரலைத் தாழ்த்தி நிலைமையைச் சொன்னார். மனைவி இரண்டு விநாடி யோசித்தார்.

"நானூறுதானே வேணும்? டெப்போல ஒரு குரல் குடுத்தா எல்லாரும் அமுக்கிடுவாங்க."

"வேண்டாம். சொல்லி அமுக்க வெச்சா அவங்க வாசகர் இல்ல. எனக்குத் தானா வந்தவங்க போதும்."

இதைச் சொன்னதும் அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. வைத்தபிறகு கொஞ்சம் வருத்தமும் வந்தது.

நான்கு மணிக்கு மாலைக் கூட்டம் சேர ஆரம்பித்தது. வேலை விட்டு வந்தவர்களோடு, மத்தியானம் புரட்சி செய்து வீட்டுக்குப் போனவர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பல்வலி கொள்கை பார்ப்பதில்லை. நாற்பது நாற்காலியும் நிறைந்து, ஐந்தாறு பேர் சுவரோரம் நின்றார்கள். எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி முந்நூற்று ஐம்பத்து நான்கு ஆனது. ஆனால் ஐந்துக்குள் நானூறு வராது என்று கணக்கு சொன்னது.

அக்கா மறுபடி வந்தார். நாலு பேர் நெட்டை மொத்தமாக இழுத்துக்கொள்கிறார்கள், மற்றவர்களுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, என்னதான் பண்ணுவாய் என்றார். அப்டேட்டுக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தொல்லையை ஒரேயடியாக முடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம் என்று பெட்டியின் அமைப்புகளைத் திறந்தார். ஒரு ஆளுக்கு ஒரு முறை எவ்வளவு நேரம் இணைப்பு என்ற இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் என்றிருந்தது. அதை ஒரு நிமிடம் என்று மாற்றினார். நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு மறுபடி உள்ளே விட்டால் யாரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. சரிசமமான நீதி. இதையே நாளைக்குப் பாராளுமன்றத்தைப் பற்றி எழுதலாம் என்று குறித்துவைத்துக்கொண்டார்.

திரும்பித் திரையைப் பார்த்தபோது எண் நானூற்று இருபது.

கண்ணைக் கசக்கிக்கொண்டார். நானூற்று அறுபத்தெட்டு. கசக்கிய கையை எடுப்பதற்குள் ஐந்நூறு. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். 'காத்திருப்பதே நாகரிகம்' மெல்ல மெல்ல மக்களின் மனதில் இறங்கி இப்போதுதான் வேலை செய்கிறது. ஆழமான கருத்துகளுக்கு அப்படித்தான் நேரம் பிடிக்கும். எண்ணூறு. ஆயிரம். பேராசிரியர் எங்கோ பின்னால் புள்ளியாகத் தெரிந்தார். அப்டேட் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டோக்கன் கேட்டவருக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார். மனைவிக்கு, 'சட்டையோடு உடனே வா' என்று செய்தி அனுப்பினார். அவர் கால் தரையில் பாவவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எண் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு. அப்போது அங்கே தினமும் தபால் கொண்டுவரும் தபால்காரர், ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போய், மேசைக்கு வந்து போனை நீட்டினார்.

"சார், இதைப் படிச்சுட்டேன் படிச்சுட்டேன்னு இன்னிக்கு நாப்பது தடவை சொல்லிட்டேன். நம்பவே மாட்டேங்குது."

அப்டேட் குனிந்து பார்த்தார். திரையில் 'காத்திருப்பதே நாகரிகம்'. அடியில் 'படித்துவிட்டேன்'.

"இது... உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"உங்க வைஃபையைத் தொட்டா இதுதானே சார் முதல்ல வருது. பட்டனை அமுக்கினாத்தான் நெட்டை விடுது. ஆறு மாசமா நாளுக்கு ஒரு தடவை கேட்டுச்சு, குடுத்தோம். இப்ப நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டா எப்படி?"

அப்டேட் கூடத்தைப் பார்த்தார். நாற்பத்தைந்து பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், அலுப்போடு கட்டைவிரலால் அமுக்கினார்கள். அவர் திரையில் எண் நாற்பத்தைந்து கூடியது.

ஆறு மாதத்துக்கு முன்னால் பெட்டியை மாட்டிய நாள் அவர் ஞாபகத்துக்கு வந்தது. அமைப்புப் பக்கத்தில் பத்தொன்பது கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ஏதோ ஒரு பக்கத்தின் முகவரியைக் கேட்டது. எந்தப் படிவத்தில் எந்த முகவரியைக் கேட்டாலும் தன் தளத்தின் முகவரியை எழுதுவது அவர் வழக்கம். நூலக அட்டையில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறார். மற்ற கட்டங்களில் எல்லாம் படபடவென்று சரி போட்டுக்கொண்டே போனார். படிக்காமல் எதற்கும் சரி போடாதீர்கள் என்று எச்சரித்து அவர் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறார்.

பெட்டியின் அமைப்பைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காலி செய்தார். எண் அப்படியே நின்றது. கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

மனைவி நீலச் சட்டையைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தபோது, அவர் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். மனைவி சிரித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"அப்போ உங்களை யாருமே படிக்கலையா?"

"அமுக்கியிருக்காங்க. படிச்சாங்களான்னு தெரியாது."

திரையில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு இன்னும் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்தி கைக்கு வந்துவிடும். தபால்காரரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் இன்று கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப்போகிறார்கள். அப்டேட்டுக்கு அந்த ஆசை வந்தது உண்மை. வந்த ஆசையை நினைத்து வெட்கம் வந்ததும் உண்மை. பத்தி எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாரமும் இந்த நாற்பத்தைந்து கட்டைவிரல்கள் கண்முன் வந்து நிற்குமே என்று பட்டது.

"சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொல்லிடுங்க. டெப்போல நான் பார்த்துக்கறேன்" என்றார் மனைவி. சட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

சரியாக ஐந்துக்கு மணி அடித்தது. அப்டேட் எழுந்து நின்று போனை எடுத்தார். மறுமுனை பேசுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். தன்னை யாரும் தேடி வந்து படிக்கவில்லை என்றும், வைஃபைக்காகக் காத்திருந்தவர்கள் வழியில் கிடந்ததை மிதித்துக்கொண்டு போனதுதான் அந்த எண் என்றும், இன்றைய ஆயிரத்து எண்ணூறும் மொத்தமாகத் தப்பு என்றும், பத்தியைப் பேராசிரியருக்கே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். மனைவி அவர் முதுகில் கை வைத்தார்.

ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ கூடத்துல இப்ப நிஜமா எத்தனை பேர் சார் இருக்காங்க?"

இதை எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. ஆனாலும் இனி ஒரு எண்ணைக்கூடத் தப்பாகச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்ததால் எக்கி நின்று எண்ணினார். மாலையில் டாக்டர்கள் இரண்டு பேர் என்பதாலும், பல்லைக் காட்டி முடித்தவர்கள் துணைக்கு வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பியதாலும் கூட்டம் கரைய ஆரம்பித்திருந்தது.

"முப்பத்தொன்னு மேடம்."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

"பத்தி உங்களுக்குன்னு வெள்ளிக்கிழமையே முடிவாயிடுச்சு சார், போன மாசம் அந்தக் கூடத்துல உக்காந்து வைஃபைக்குப் பட்டனை அமுக்கித்தானே நானே உங்களைப் படிச்சேன், இன்னிக்கு நம்பரைப் பார்த்துக்கிட்டிருந்தது கூட்டம் எப்பக் குறையும்னுதான், எனக்கு ஒரு டோக்கன் எடுத்து வைங்க, காலையிலேர்ந்து பல்வலி உயிர் போகுது."